ஸும்ரா சொன்ன வசனம்

கனமூலைக் கிராமத்தில் பெண்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் நஸ்லிம் சேர், அன்று பலகையில் ‘பிரக்டிஸ்’ என்று எழுதினார்.

“ஒரு விசயம் சரியா வாறவரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யிறதுக்குத்தான் இந்தச் சொல். ஆளுக்கொரு வசனம் சொல்லுங்க.”

ஒருத்தி தையலைச் சொன்னாள். இன்னொருத்தி ஸ்கூட்டி ஓட்டுவதைச் சொன்னாள். கடைசி வரிசை வாங்கில் இருந்த ஸும்ரா எழும்பி, தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் ஒன்று சொன்னாள். தினமும் காலையில் கணவரோடு சேர்ந்து தன் பெயரைப் பிரக்டிஸ் பண்ணுகிறாளாம்.

வகுப்பே சிரித்தது. சேருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“ராத்தா, உங்கட பேர் உங்களுக்குத் தெரியுந்தானே? அதை எதுக்குப் பிரக்டிஸ் பண்ணோணும்?”

“எனக்குத் தெரியும் சேர்.”

“அப்ப கையெழுத்துப் போடப் பழகிறீங்களா?”

“இல்ல சேர். வாயாலதான்.”

“அவருக்கு உங்கட பேர் தெரியாதா? கலியாணம் முடிச்சு எத்தின வருசம்?”

“இருவத்திரெண்டு.”

மறுபடியும் சிரிப்பு. தான் படிப்பித்ததில்தான் ஏதோ பிழையோ என்று சேர் குழம்பிப்போனார்.

“ராத்தா, இந்தச் சொல் இதுக்குப் பொருந்தாது. வேற வசனம் சொல்லுங்க.”

ஸும்ரா உட்காரவில்லை.

“அவருக்குப் பாரிசவாதம் வந்து ஆறு மாசம் சேர். எல்லாம் விளங்குது, பேச்சுத்தான் போயிட்டு. எந்தச் சொல்லை மொதல்ல பழகுவம் எண்டு கேட்டன். விரலால என்னைக் காட்டினார்.”

சேர் திரும்பி, அவள் சொன்ன வசனத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் பலகையில் எழுதினார்.

“நேத்து ‘ஸும்’ வரைக்கும் வந்திட்டார் சேர்,” என்றாள் ஸும்ரா.