இடித்த ஜவுளிக்கடையில் செருப்பு

பம்பாயில் மூடநம்பிக்கை சற்றும் தீண்டாத ஒரே மனிதன் நான்தான். சயானில் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே இது உறுதியாகிவிட்டது.

1964இல் மாதுங்காவில் கரீம் பாட்சாவின் ஜவுளிக்கடைக் கட்டடத்தை இடித்தார்கள். பாட்சா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அந்தக் கடையில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, மெத்தையில் உட்கார்ந்துதான் துணி பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் எழுவதற்குள் பாட்சாவே போய், செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார்.

அவர் மனைவி மதீனா பீவி காலி மனைக்குத் தினமும் வந்தார். வாசல் இருந்த இடத்தில் செருப்பை விட்டு, உள்ளே சற்று நின்றுவிட்டு வருவார். அதற்குள் செருப்பு தெருவைப் பார்த்திருக்கும்.

"வாப்பா திருப்பலைன்னா அன்னைக்கே உங்கூட ஊருக்கு வாறேன்" என்று மகன் ஜமாலிடம் சொல்லிவிட்டார்.

ஜமால் என்னிடம் வந்தான். "லே ஞானராஜு, எவன் இந்த வேலை பாக்கான்னு கண்டுபிடி. உம்மாவ இங்க தனியா விட்டுட்டு எப்படிலே போவேன்?"

"செத்த பொறவும் டியூட்டியா? மேலேயும் ரிடையர்மெண்ட் கிடையாது போலிருக்கு" என்றேன்.

காவல் இருந்தேன். யாரும் வரவில்லை. காற்றுகூட இல்லை. செருப்பு திரும்பியிருந்தது.

அஸ்திவாரம் தோண்டிய அன்றும் மதீனா பீவி வந்து, குழியோரமாக நின்றார். செருப்பு விட்டபடியே உட்புறம் பார்த்துக் கிடந்தது. அதைக் கண்டதும் ஜமால் ஊருக்கு டிக்கெட் எடுக்க வி.டி. ஸ்டேஷனுக்கு ஓடினான்.

மதீனா பீவி திரும்புவதற்குள் நான் குனிந்து, செருப்பைத் தெருப்பக்கமாகத் திருப்பி வைத்தேன்.