மேசைக்கு ஆகாத கதவு

டொப்... டொப்... டொப்...

இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கார் ஷெட்டிலிருந்து வந்தது அந்தச் சத்தம். காலி டப்பாவை யாரோ விரல் முட்டியால் தட்டுவது போல.

குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டேன். பயப்பட எனக்கு இப்போதெல்லாம் பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை.

"திருடன் தட்டிக்கிட்டா வருவான்?" ஊரிலிருந்து வந்திருந்த அக்கா சிரித்தாள். "உன் வீட்டுக்காரர்தான் மேசையைக் கொஞ்சிக்கிட்டு இருப்பார்."

அந்த மேசை வேறொன்றுமில்லை. எங்கள் படுக்கையறைக் கதவு.

இவருக்கு லேத் பட்டறையில் பதினைந்து வருஷ வேலை. ஷெட்டில் சொந்தமாக ஒரு வேலை மேசை வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை. மேலே என்ன போடுவது என்பதே ஒரு வாரம் வீட்டில் பேச்சு. பிளைவுட் எண்ணெய் பட்டால் உரியும். இரும்புத் தகடு போட்டால் தட்டுகிற சத்தத்தில் பாப்பா முழித்துக்கொள்வாள். கனமான மரப்பலகைதான் சரி, தேடிப் பார்க்கணும் என்றார்.

திடீரென்று ஒருநாள் படுக்கையறைக் கதவைக் கழற்றி நாலு கால் மேல் போட்டுவிட்டார். வாசலில் கதவுக்குப் பதில் ஒரு பழைய போர்வை தொங்கியது. இரண்டு மாதம் ஆகிறது.

"பால் கொடுக்கிற பொண்ணுக்கு ஒரு கதவு இல்லை. ஹாலுக்கு யார் வந்தாலும் நீ சுவரைப் பாத்துத் திரும்பி உக்காரணும். கேட்டா மேசையாம் மேசை!" அக்கா துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே பேசினாள். "காலையில நீயும் பாப்பாவும் என்னோட கிளம்புறீங்க. கதவு திரும்பி வந்தப்புறம் யோசிக்கலாம்."

மத்தியானம் அவரிடமே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

அக்கா சொல்வதில் என்ன தப்பு? நானே இரண்டு தடவை கதவைக் கேட்டுவிட்டேன். "வேற பலகை கிடைக்கட்டும்" என்பார், அவ்வளவுதான்.

டொப்... டொப்...

குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

பக்கத்துத் தெருத் தச்சர் மேசையாகக் கிடந்த கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு கனமான புதுப்பலகை சாய்த்து வைத்திருந்தது. இருவரும் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

"கேளு, எப்படிச் சத்தம் வருது. உள்ள வெறும் அட்டை தம்பி. ஓங்கி ரெண்டு அடி போட்டா ஓட்டை விழுந்துடும். அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கண்ணே."

"லேத்காரன் உனக்கு இது தெரியாதா?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா போட்டே?"

அவர் கதவை ஒரு தடவை தடவினார்.

"அது இங்க இருக்கணும்னு கழட்டலைண்ணே. அங்க இருக்கக் கூடாதுன்னு கழட்டினேன். ஒருநாள் அவ உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. மூணு மணி நேரம். குழந்தை அழுகிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. உடைச்சா உள்ள என்ன ஆயிடுமோன்னு நான் வெளிய நிக்கிறேன்."

தச்சர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "இதை அந்த அக்காகிட்ட சொல்லிட வேண்டியதுதானே? உன்னைத்தானே வாய்க்கு வந்தபடி பேசுறாங்க" என்றார்.

"தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சுன்னு அவ சொல்லியிருக்கா. அது அப்படியே இருக்கட்டும்."

ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். தாழ்ப்பாள் மாட்டிக்கொள்ளவில்லை. அன்று என் கைகளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. குழந்தையை என்ன செய்துவிடுவேனோ, என்னை என்ன செய்துகொள்வேனோ என்று கட்டிலில் அவளை விட்டுவிட்டு, கதவில் சாய்ந்து, கைகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். அழுது அழுது அவள் தூங்கிப்போனாள். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பழைய கதவு, அப்படித்தான் மாட்டும்" என்றார். மறுநாள், எனக்குத் தூக்கம் வரவில்லை என்று காரணம் சொல்லி டாக்டரிடம் கூட்டிப் போனார். திரும்பி வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

இப்போதுதான் மேசையைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் அதன் மேல் ஒரு கீறல் இல்லை. இரும்பைப் பிடித்து இறுக்க ஆசையாக வாங்கிய வைஸ், மூலையில் பெட்டி பிரிக்காமலே கிடந்தது.

"இப்ப மட்டும் மாட்டலாமா?" தச்சர் கேட்டார்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா கதவில்லாம எத்தனை நாளைக்கு அவளை வச்சிருக்கிறது?"

அரை மணி நேரத்தில் கதவு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தச்சர் எதையும் கேள்விப்படாதவர் போல் விடைபெற்றுப் போனார்.

"பாத்தியா, நான் ஒரு சத்தம் போட்டதும் வந்துடுச்சு!" என்றாள் அக்கா.

"என் தப்புதாங்க அக்கா" என்றார் அவர்.

"நான் வரலைக்கா" என்றேன்.

"கதவு வந்தாச்சுல்ல, பிழைச்சுப் போ." பையைப் பிரிக்க அவள் ஹாலுக்குப் போனாள்.

குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். இவர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டிருக்கேன். சரியா விழுதான்னு போட்டுப் பாரு."

தாழ்ப்பாளில் கை வைத்தேன், போடாமல் எடுத்துவிட்டேன்.

"அன்னைக்கு அது மாட்டிக்கலைங்க."

"தெரியும்."

அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அதன் பிறகுதான் தாழ்ப்பாள் போட்டேன்.