வட்டுக்கோட்டை பஸ்ஸில் வந்த கொப்பி

கஜந்தினி தினமும் பத்து ஆங்கில வாக்கியங்கள் எழுதி, வட்டுக்கோட்டை பஸ் கொண்டக்டரிடம் கொப்பியைக் கொடுத்துவிடுவாள். வட்டுக்கோட்டையிலுள்ள நதானியேல் வாத்தியார் இலக்கணமும் வினைக்காலமும் பார்த்துத் திருத்தி, பின்னேர பஸ்ஸில் அனுப்புவார். ஆங்கிலப் பரீட்சையில் தேறினால்தான் லண்டனிலுள்ள கணவனிடம் போகலாம். இரண்டு முறை தவறிவிட்டாள்.

அன்று எழுத மனம் வரவில்லை. கொப்பி மேசையிலேயே கிடந்தது. அவளும் வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லை.

பின்னேரம் வாசலில் பஸ் கோர்ன் அடித்தது.

"இந்தாங்கோ லண்டன்காரி, கொப்பி!"

"இண்டைக்கு நான் தரேல்லையே அண்ணை."

"பகிடியோ? காலமை பெட்டியோடை நிண்டு தந்தனீங்கள். பிளேனுக்கு நேரமாச்செண்டும் சொன்னனீங்கள்."

பஸ் போய்விட்டது. மேசையில் அவளுடைய கொப்பி அப்படியே கிடக்க, வந்த கொப்பியில் அன்றைய திகதி, அவளுடைய கையெழுத்து. பத்து வாக்கியங்களிலும் ஒரு சிவப்புக் கோடில்லை.

ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். பாஸ்போட்டும், கணவன் அனுப்பிய குளிர்ச்சட்டையும் இருந்த தட்டு வெறுமையாக இருந்தது.