கழற்றிய பிரேக் பேட்

வண்டியில் எதை மாற்றினாலும், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் பின்புறம் ஆணியால் தேதியைக் கீறி, பில்லோடு கட்டிப் பரணில் போடுவேன். நாளைக்கு நுகர்வோர் கோர்ட்டில் எனக்காகப் பேச வேறு யார் வரப்போகிறார்கள்?

மெக்கானிக் என் தங்கையின் கணவர்தான். "நம்ம மேலயே சந்தேகமா மச்சான்?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார்.

அவர் பிரேக் பேட் மாற்றிய அடுத்த மாதமே பிரேக் பிடிக்கவில்லை. வேறு ஒர்க் ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றினார்கள்.

"புதுசு எங்க சார்? பழசையே திருப்பி மாட்டியிருக்காங்க" என்றார் அங்கிருந்த மெக்கானிக்.

பேடின் பின்புறம் என் கையெழுத்தில் தேதி. ஆணி வழுக்கிய கோடுகூட இருந்தது. எங்கள் வீட்டு மாற்றுச் சாவி தங்கையிடம்தான் இருக்கிறது. அவளும் கூட்டு.

போன் போட்டேன். "சொந்தம்னு நம்பினேன் மாப்ள. என் உயிரோட விளையாடிட்டீங்களே."

"பரணைப் பாத்துட்டுப் பேசுங்க மச்சான்" என்று வைத்துவிட்டார்.

வண்டியை அங்கேயே விட்டு, அந்தப் பேடைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். பரணில் பில்லோடு கட்டியபடி இன்னொன்று இருந்தது. அதே தேதி. அதே வழுக்கல். இரண்டையும் கைக்கொன்றாகப் பிடித்துப் பார்த்தேன்.

ஒர்க் ஷாப்பிலிருந்து போன் வந்தது. கட்டைவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

"புதுசு போட்டாச்சு சார். ஓட்டிட்டேதான் பேசுறேன். பிரேக் நல்லாப் பிடிக்குது."

என் இரண்டு கைகளிலும் பேடுகள் சூடேறிக்கொண்டிருந்தன.