மூன்று சில்வர் கிண்ணம்

“ஆறு பாட்டில் தேச்சு மண்டை வெளிய தெரியுது!” மல்லசமுத்திரம் சந்தையில் கூந்தல் தைலம் விற்றவன்மேல் சுகன்யா காலிப் பாட்டிலை விட்டெறிந்தாள். “கொட்டுன முடிய, தெருவுல முடி வாங்க வர்றவகிட்டப் போட்டே மூணு சில்வர் கிண்ணம் வாங்கிட்டேன்டா!”

“கத்தாதீங்க. என்ற சம்சாரத்தப் பாருங்க. இதே தைலந்தானுங்க.”

கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள் அவள். பின்னல் முழங்கால்வரை தொங்கியது.

“புளுகாத!” சுகன்யா பாய்ந்து பின்னலை இழுத்தாள். சவுரி கையோடு வந்தது.

“திருட்டு நாய்களா! ஆரூட்டு முடிடி இது?”

அவள் சீறித் திரும்பினாள். மாதாமாதம் முடி வாங்க வருகிற அதே முகம்.

“முடிய உடுங்கக்கா! அதுக்குத்தான் உங்களுக்கு மூணு கிண்ணம் குடுத்துட்டனே!”