காதில் விழாத மழை

மழை வலுத்ததுமே அக்கா சமையலறைக்கு ஓடி, காலி மிக்ஸியைச் சுழல விட்டாள்.

"ஒண்ணும் போடாம எதைடி அரைக்கிறே?" என்றாள் அம்மா.

"மழைச் சத்தம் தம்பி காதுல விழக்கூடாதும்மா. நீ முதல்ல டிவியை நிறுத்து. பூமி சூடாயிடுச்சு, இனிமே மழைன்னாலே வெள்ளந்தான்னு எவனாவது பேசித் தொலைப்பான்."

"பட்டப்பகல்ல போர்வைக்குள்ள சுருண்டு கெடக்கான். பக்கத்துல போய்ப் படுத்துக்கவா?"

"வேணாம், தட்டிக்கொடுத்தா அழுதுடுவான். போன வெள்ளத்துல அவன் பார்த்ததை நாம பார்க்கலையே! குழாய்ல தண்ணி கொட்டினாக்கூட அவனுக்குத் தூக்கிப் போடுது."

"வருஷா வருஷம் வெள்ளம் வந்தா புள்ளை என்னடி செய்வான்?"

அக்கா மிக்ஸியின் வேகத்தைக் கூட்டினாள்.

கூடத்தில் ஃபோன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். "அவனுக்கு உடம்பு சரியில்லைங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அறைக்கதவு திறந்தது.

மீட்புப் படைச் சீருடையில் ஆறடி உயரத்துக்கு நின்றான் தம்பி. சட்டைப் பொத்தான் விரலுக்கு அகப்படாமல் நழுவியது. அக்காதான் மாட்டிவிட்டாள்.

"வேற யாரையாவது அனுப்பச் சொல்லேன்டா."

"ஆத்தோரத் தெருவுல படகு ஓட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்க்கா. தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சுன்னு என் செல்லுக்குச் சேதி வந்திருக்கு. குழந்தைங்க மாட்டியிருக்காங்க."

வாசல் வரை விறுவிறுவென்று போனவன், தெருவில் ஓடும் தண்ணீரைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"அக்கா, ஜீப் முனையில நிக்குது. அதுவரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றியா?"