யாருக்குத் தடை?

வேப்பமரப் பொந்தில் ஒரு அணில் குட்டி போட்டிருந்தது. அது தன்னுடைய பொந்து என்று ஒரு மைனா வழக்குப் போட்டது. மரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த எருமைதான் நீதிபதி. இருவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, "இடைக்காலத் தடை. அடுத்த வாய்தாவுக்கு ரெண்டு பேரும் ஆஜராகணும்" என்றது.

"கேட்டியா? உனக்குத் தடை போட்டாச்சு. இடத்தைக் காலி பண்ணு!" என்றது மைனா.

அணில் அழுதுகொண்டே ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு இறங்கியது.

"எங்கம்மா கிளம்பிட்டே?" என்றது எருமை.

குட்டியைக் கீழே வைத்தால்தானே அணிலால் பேச முடியும்? வைத்தது. "தடைன்னு சொன்னீங்களே, ஐயா!"

"ஆமா, தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் எதையும் மாத்தக் கூடாது. அதுக்குத்தான் தடை. பொந்துல இருக்கிற நீ பொந்துலயே இரு. அவ வெளியிலயே இருக்கட்டும்."

"அப்ப வாய்தான்னா?"

"மறுபடியும் விசாரிக்கிற நாள்."

"ஆஜர்னா?"

"அன்னிக்கு நேர்ல வந்து நிக்கிறது."

அணில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிளையில் இருந்த மைனாவை நிமிர்ந்து பார்த்தது.

"மைனாக்கா, ஆஜர்னா வந்து நிக்கணுமாம். மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரை விட்டுப் போயிடாதீங்க!"

பிறகு குட்டியைக் கவ்விக்கொண்டு மரம் ஏறியது.